ட்ரௌட் ஓடையில் கடைசி இருபது அடி

மீனை நெருங்கும் வித்தை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. போன மே மாதம், வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், ராப்பிடான் ஆறு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்து மடு ஒன்றில், நீர்ப்பரப்புக்கு வந்து பூச்சி தின்றுகொண்டிருந்த ப்ரூக் ட்ரௌட்டுக்கு 12 அடி பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அது தின்பதை நிறுத்தவே இல்லை. முந்தைய வருடம் அதே மடுவில் நான் பார்த்ததெல்லாம், ஒரு நிழல் பாறைக்கடியில் பாய்வதை மட்டும்தான். இடையில் என்னென்ன மாற்றினேன், எது வேலைக்கு ஆகவில்லை, எவ்வளவு செலவானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். சின்ன ஓடையில் ஃப்ளை தூண்டில் (பூச்சி மாதிரி முள்ளில் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிப்பது) பழகுகிற யாருக்காவது பயன்படும்.

முதலில் இடம். ஸ்கைலைன் டிரைவ் மலைச்சாலையில் 52.8-ஆவது மைலில் மைலம் கேப் என்ற கணவாய். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, மில் ப்ராங் ஓடையை ஒட்டி 2 மைல் இறங்கினால், அதுவும் லாரல் ப்ராங் ஓடையும் சேர்ந்து ராப்பிடான் ஆறாகிற இடம் வரும். அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1929-இல் தன் கோடை முகாமைக் கட்டத் தொடங்கியது இங்கேதான். வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள் இருக்கவேண்டும், ட்ரௌட் ஓடை இருக்கவேண்டும் என்று சொல்லித் தேடிய இடம். அவர் தங்கிய மரவீடு இன்னும் நிற்கிறது.

மில் ப்ராங்கின் அகலம் பெரும்பாலும் 8 முதல் 15 அடிதான். பாறை மேல் பாறையாகப் படி இறங்கி வருகிறது. ஒவ்வொரு படிக்குக் கீழேயும் ஒரு மடு. முழங்காலளவுத் தண்ணீர், அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இங்கே வாழ்வது இந்த மலைக்கே சொந்தமான ப்ரூக் ட்ரௌட். நம் நீலகிரி ட்ரௌட் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட இனம். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்து ஓடைகளில் விட்டார்கள். இது அப்படி வந்ததில்லை. முதுகில் புழு ஊர்ந்த தடம் மாதிரிக் கோலம், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித்துடுப்புகளின் ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கோடு. 9 அங்குலம் இருந்தால் அந்த ஓடையில் அது பெரிய மீன். பிடித்ததை உடனே திரும்ப விட்டுவிட வேண்டும், ஒற்றை முள் உள்ள செயற்கை இரை மட்டுமே போடலாம் என்பது இந்த ஆற்றுக்கான சட்டம். 16 வயதானால் மாநில மீன்பிடி உரிமமும் வேண்டும்.

நான் தாமிரபரணிப் படித்துறையில் மண்புழு குத்தி, ஊர்க்கதை பேசிக்கொண்டே கெண்டை பிடித்து வளர்ந்தவன். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்ததும் முதலில் கவனித்தது வாயைத்தான். மகளும் நானும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே நடந்தோம், ஒரு பயனும் இல்லை. காற்றில் பேசும் சத்தம் தண்ணீருக்குள் அதிகம் போவதில்லை. காலடி அதிர்வுதான் போகிறது. இப்போது இயல்பான குரலில் பேசிக்கொள்கிறோம், பாதத்தை மட்டும் பார்த்து வைக்கிறோம்.

அடுத்தது உடை. வெளிர்நீலச் சட்டையை விட்டுவிட்டுப் பழைய துணிக்கடையில் மங்கிய ஆலிவ் நிறச் சட்டை ஒன்று (14 டாலர்), பழுப்புத் தொப்பி ஒன்று (10 டாலர்) வாங்கினேன். மார்பில் தொங்கிக்கொண்டிருந்த பளபளக்கும் இடுக்கி சட்டைப்பைக்குள் போனது, கைக்கடிகாரம் பையின் அடிக்குப் போனது. தூண்டில்கோலின் வார்னிஷ் வெயிலில் கண்ணாடியாக மின்னியது. அதை 2000 எண் உப்புத்தாளை நனைத்து, பூப்போலத் தேய்த்து மங்கலாக்கினேன். கோல் துண்டுகள் பொருந்தும் இணைப்பில் மட்டும் தாள் படக்கூடாது; பட்டால் பிடிப்பு தளர்ந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் மீன் ஓடத்தான் செய்தது. உடை மாற்றம் கொஞ்சம் உதவியது, அவ்வளவே.

எந்த இடத்தில் வைத்து நம்மைக் கண்டுகொள்கிறது என்று தெரியாமல் மேற்கொண்டு எதையும் மாற்றிப் பயனில்லை என்று தோன்றியது. அதனால் ஒரு நாள் கோலையே எடுத்துப்போகவில்லை. மகளுக்கு 13 வயது, பொறுமைசாலி. நீர்ப்பரப்பின் பளபளப்பை மறைத்து உள்ளே காட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று அவளுக்கும் வாங்கினேன் (25 டாலர்). மடுவுக்கு மேலே, மரங்களுக்குப் பின்னால், சரிவில் அவளைப் படுக்கவைத்தேன். அங்கிருந்து மீன் முழுசாகத் தெரியும். மீன் இயல்பாக இருக்கும்வரை அவள் கை மேலே இருக்கவேண்டும். ஏதாவது மாறினால் கையை இறக்கவேண்டும். கை இறங்கியதும் நான் அப்படியே நின்று, காலடியில் ஒரு குச்சியை நட்டுவிடுவேன். மீன் நின்ற இடத்திலிருந்து குச்சிவரை பிறகு டேப்பால் அளந்தோம்.

அவள் பார்த்துச் சொன்ன விவரங்கள் எனக்கு எந்தக் கருவியாலும் கிடைத்திருக்காது. ட்ரௌட் எடுத்தவுடன் பாய்வதில்லையாம். முதலில் தின்பதை நிறுத்துகிறது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இரை எடுத்துக்கொண்டிருந்த மீன் ஒரே கோட்டில் நின்றுவிடும். பிறகு துடுப்பு விறைக்கும். பிறகு யாரோ மேலிருந்து அழுத்துவதுபோல மெதுவாகத் தரையை நோக்கித் தாழும். அதற்குப் பிறகுதான் ஓட்டம். தாழ்ந்தவுடன் நாம் அசையாமல் உறைந்துவிட்டால், சில நிமிடத்தில் மறுபடி மேலே வந்து தின்னத் தொடங்குகிறது. ஓடிவிட்ட மீனோ அரை மணி நேரம் காத்தாலும் வந்தபாடில்லை.

அளவுகள் இப்படி வந்தன. பக்கவாட்டுக் கரையில் நிமிர்ந்து நடந்தால் 35 அடியிலேயே கை இறங்கியது. ட்ரௌட் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை மேல்பக்கம் வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் வந்தால் 20 அடி. அதே வழியில் முழங்காலிட்டு வந்தால் 12 அடி. நடுவில் ஒரு பாறை மறைத்தால் 8 அடிவரை கூடப் போகமுடிந்தது. மேலே சலசலப்பு இல்லாத கண்ணாடித் தண்ணீரில் எல்லா அளவும் கூடியது. நுரைத்து விழும் இடத்தில் குறைந்தது.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு வைத்துக்கொண்டேன்: 6 அடி தூரத்துக்கு 1 அடி உயரம். தண்ணீர் மட்டத்தையொட்டித் தாழ்ந்து கிடக்கும் பொருளை மீனால் சரியாகப் பார்க்கமுடியாது. 30 அடியில் நம் தலை 5 அடிக்கு மேலே போகக்கூடாது, 18 அடியில் 3 அடி, 12 அடியில் 2 அடி. கணக்கைக் கறாராகப் பிடித்தால் 12 அடியில் தவழவேண்டும். பின்னாலிருந்து வருவதால் கொஞ்சம் சலுகை கிடைக்கிறது, குனிந்து முழங்காலிட்டால் போதும். ஒன்றை மறக்கக்கூடாது, உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்கவேண்டும். கரை 2 அடி மேடாக இருந்தால் அந்த 2 அடியும் நம் கணக்கில்தான் ஏறும். மேட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்து, மறைந்துவிட்டோம் என்று நினைத்தபோதெல்லாம் மீன் ஓடியதற்கு அதுதான் காரணம்.

சரி, முழங்காலில் போகவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. ஓடைக்கல்லில் அரை மணி நேரம் முழங்காலில் நகர்ந்தால் மறுநாள் படி ஏறமுடியாது. தோட்டவேலைக்கு விற்கிற முழங்கால் பேட் ஒன்றை 18 டாலருக்கு வாங்கினேன். முன்பக்கம் கெட்டி பிளாஸ்டிக் மூடி. கல்லில் பட்டதும் டக் டக் என்று அடித்தது, மகளின் கையும் டக்கென்று இறங்கியது. அந்தக் காசு போயிற்று.

நானே செய்தேன். குழந்தைகள் விளையாடும் அறையில் தரையில் பொருத்துகிற ஃபோம் ஓடு ஒன்று வீட்டில் மிச்சம் கிடந்தது, 12 மில்லிமீட்டர் கனம். அதை 7 அங்குல அகலம், 9 அங்குல நீளத்தில் நான்கு துண்டு, காலுக்கு இரண்டடுக்கு. தட்டையாக ஒட்டினால் முழங்காலில் உட்காராது. ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் V வடிவில் இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல ஆழம். வெட்டின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒட்டினால் துண்டு தானாகக் குழிந்து கிண்ணம்போல வரும். பசை, செருப்புத் தைப்பவர்கள் போடும் வகை (8 டாலர்). இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம்வரை 15 நிமிடம் காயவிட்டுப் பிறகுதான் அழுத்தவேண்டும். ஈரமாக ஒட்டிய முதல் துண்டு ஓடையில் நனைந்ததும் பிரிந்துவந்தது.

மேலுறைக்கு முதலில் பழைய ஜீன்ஸ் துணியைத் தைத்தேன். நனைந்தால் கனத்தது, காய ஒரு நாள் எடுத்தது. கிழிந்த மழைக்கோட்டின் நைலான் துணிக்கு மாறினேன். கனமே தெரியவில்லை, ஆனால் புதரில் உரசும்போது சரசரவென்றது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்ததும் அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது. பட்டைகளுக்கு 2 அங்குல எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் (9 டாலர்). முழங்கால் மடிப்பிலேயே பட்டை போட்டால் இரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகிறது. ஒன்று தொடையின் கீழ்ப்பகுதியில், ஒன்று கெண்டைக்காலுக்குச் சற்று மேலே என்று பிரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

காலணியில் இருந்த உலோகக் குமிழ்களைக் கழற்றினேன். வழுக்காமல் இருக்க உதவுபவைதான், ஆனால் கல்லில் கறக்கென்று அரைக்கும் சத்தம் என் காதுக்கே கேட்டது. வெறும் ரப்பர் அடிப்பாகத்தில் பாசிப்பாறை வழுக்குகிறது. அதற்கு ஈடாக ஊன்றுகோல் வைத்திருக்கிறேன். அதன் இரும்பு முனைக்கு, தாத்தாக்கள் கைத்தடிக்குப் போடும் ரப்பர் குப்பி (4 டாலர்). எடையை முழுசாக முன்காலுக்கு மாற்றுவதற்குமுன் பாதத்தின் வெளி ஓரத்தை வைத்துக் கல் ஆடுகிறதா என்று பார்க்கிறேன். ஆடினால் வேறு கல். இது பழக நாளாயிற்று, எல்லாவற்றிலும் பலன் தந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு புதிர் இருந்தது. சில மடுக்களில் எல்லாம் சரியாகச் செய்தும், 15 அடிக்கு மேலே தள்ளி நிற்கும்போதே மடுவின் தலைப்பில் உள்ள பெரிய மீன் ஓடிவிடும். அங்கிருந்து அது என்னைப் பார்த்திருக்க வழியே இல்லை. மகள்தான் கண்டுபிடித்தாள்.

“அப்பா, உங்க கிட்டக்க ஒரு குட்டி மீன் இருந்துச்சு. அது மேல ஓடிச்சு. அது ஓடினதப் பாத்துட்டுதான் பெரிசு போயிடுச்சு.”

“எங்க இருந்துச்சு?”

“தண்ணி அடுத்த படிக்கு வழியுதுல்ல, அந்த ஓரத்துல. ஒரு சாண் தண்ணிதான்.”

மடுவின் வால் பகுதி. தண்ணீர் ஆழம் குறைந்து, மழமழவென்று வழிந்து கீழ்ப் படியில் விழுவதற்குமுன் இருக்கும் இரண்டு மூன்று அடி. நல்ல இடங்களைப் பெரிய மீன்கள் பிடித்துக்கொள்வதால் 3, 4 அங்குலக் குட்டிகள் இங்கே வந்து நிற்கின்றன. நான் 12 அடி தூரத்தில் உள்ள மீனையே பார்த்துக்கொண்டு, 4 அடி தூரத்தில் உள்ளதன் தலைமேல் ஏறிக்கொண்டிருந்தேன். குட்டி பயந்தால் மடுவின் நீளத்தையும் கடந்து மேலே பாய்கிறது. வழியில் உள்ள அத்தனை மீனுக்கும் சேதி போய்விடுகிறது. தூண்டில் கையேடுகளில் எல்லாம் படித்திருக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்தக் குட்டி கிளம்புவதை மேலிருந்து பார்த்தபோதுதான் எவ்வளவு வேகம் என்று புரிந்தது.

அதற்கப்புறம் மடுவை நெருங்கும் முறையே மாறியது. மேல் மடுவைக் குறிவைக்கும்போது நான் அந்த மடுவுக்குள் கால் வைப்பதில்லை. கீழ்ப் படியிலேயே, இரண்டு மடுவுக்கும் நடுவில் உள்ள பாறை வரிசைக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தப் பாறைகள் 2, 3 அடி உயரச் சுவர். கீழ் மடுவில் முழங்காலளவுத் தண்ணீரில் குனிந்து நின்றால் என் கண் மேல் மடுவின் மட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும். விழும் தண்ணீரின் இரைச்சலில் என் கால் சத்தமும் போய்விடும். கீழே நான் கிளப்பும் அலை படியேறி மேலே போகவும் முடியாது. முதல் வீச்சு எப்போதும் வாலுக்குத்தான். அங்கே குட்டி இருந்தால் அது கொத்தும். கொத்தியதும் மேலே போகவிடாமல், சட்டென்று பாறை விளிம்பைத் தாண்டிக் கீழ் மடுவுக்கு இறக்கி அங்கேயே விட்டுவிடுகிறேன். யாரும் இல்லை என்றால் இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு அடுத்த 3 அடிக்கு.

வீசும் முறையும் இதற்கேற்ப மாறவேண்டியிருந்தது. என் கோல் ஆறரை அடி, மூன்றாம் எண் எடைக் கயிற்றுக்கான ஃபைபர்கிளாஸ். லாரல் புதர்கள் இருபக்கமும் கவிந்திருப்பதால் தலைக்கு மேலே வீச இடமில்லை. வீசினாலும் கோலின் நிழலும் அசைவும் மீனுக்குத் தெரியும். வில்லில் அம்பு விடுவதுபோன்ற வீச்சுதான் இங்கே செல்லும். நரம்பைக் கோலின் நீளத்துக்கு வெளியே விட்டு, ஃப்ளையின் வளைவை மட்டும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துப் பின்னால் இழுத்தால் கோல் நுனி வளையும். குறிபார்த்து விரலை விட்டால் 12 அடிக்குப் போய் விழும். முள் முனை விரலுக்கு வெளியே பார்த்திருக்கவேண்டும், இல்லையென்றால் மீனுக்குப் பதில் நாம்தான் மாட்டுவோம். முள்ளின் உள்பக்கத்துச் சின்ன எதிர்முனையை இடுக்கியால் நசுக்கி வைத்திருக்கிறேன், மீனுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது. ஃப்ளையின் முள் 14-ஆம் எண் அளவு. இந்த ஆற்றின் பெயரையே கொண்ட மிஸ்டர் ராப்பிடான் என்ற ஃப்ளையைத்தான் அதிகம் போடுகிறேன். அதன் மஞ்சள் குச்சம் நிழலிலும் கண்ணுக்குத் தெரிகிறது. தடித்த கயிறு தண்ணீரில் விழாமல், மெல்லிய முன்நரம்பு மட்டும் படும்படி கோல் நுனியை உயர்த்திப் பிடிக்கவேண்டும். கயிறு வால் ஓட்டத்தில் விழுந்தால் ஃப்ளையை இழுத்து ஓடவைத்துவிடும்.

மே மாதத்து மடு இப்படித்தான் கைகூடியது. வாலில் 4 அங்குலக் குட்டி ஒன்று கொத்தியது, கீழே இறக்கினேன். காத்திருந்தேன். பெரியது தின்றுகொண்டே இருந்தது. நுரையின் ஓரத்தில் மூன்றாவது வீச்சு விழுந்ததும் எடுத்தது. நனைத்த கையில் அளந்தபோது எட்டரை அங்குலம். மூக்கைத் தண்ணீரில் வைத்துப் பிடித்தேன், இரண்டு மூச்சுக்கு நின்றது, போய்விட்டது.

வெயிலைப் பற்றி ஒரு குறிப்பு. மில் ப்ராங் தென்கிழக்காக இறங்குகிறது. நாம் கீழிருந்து மேலே போகும்போது காலை வெயில் முதுகில் விழும், நம் நிழல் நமக்கு முன்னாலேயே மடுவுக்குள் போய்விடும். மீன்பிடி என்றாலே விடியற்காலை என்று பழகியிருந்ததால் இது புரியக் காலம் எடுத்தது. இப்போது மதியத்துக்குப் பிறகுதான் போகிறேன், அல்லது மேகமூட்டமான நாளில். தூறல் விழுந்து நீர்ப்பரப்பு புள்ளி புள்ளியாகக் கலங்கினால் இன்னும் நல்லது. வேறு திசையில் ஓடும் ஓடைக்கு இந்தக் கணக்கை மாற்றிப் போடவேண்டும்.

மொத்தச் செலவு: சட்டை, தொப்பி, கண்ணாடி, பசை, எலாஸ்டிக், ரப்பர் குப்பி, 15 டாலர் வெப்பமானி எல்லாம் சேர்த்து 85 டாலர். வீணான பேட்டையும் சேர்த்தால் 103. கோலும் கயிறு சுற்றும் உருளையும் ஏற்கெனவே இருந்தவை. வெப்பமானி அவசியம். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் கோலை மடக்கிவிடுகிறேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த ப்ரூக் ட்ரௌட்டைத் திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.

தவழ்ந்து போவதில் வேறு ஆபத்தும் உண்டு. வெயில் காயும் பாறைகளில் காப்பர்ஹெட், ரேட்டில் என்ற நச்சுப் பாம்புகள் இரண்டும் இந்த மலையில் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையோ முழங்காலோ வைக்காமல், ஊன்றுகோலால் முதலில் தட்டிப் பார்க்கிறோம். கால்சட்டைக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக் காயவைத்துப் போட்டுக்கொள்கிறோம். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இங்கே நிறைய. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காது மடல் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு.

அடுத்த முறை செய்யும்போது ஃபோமை இரண்டடுக்குக்குப் பதில் ஒன்றரை அடுக்காக்குவேன், மேலடுக்கை முழங்கால் சில்லுக்கு மட்டும் வைத்து. இப்போதைய பேட் நடக்கும்போது தொடையை முட்டுகிறது. 11 அடி டென்காரா கோல் ஒன்றையும் திறந்தவெளி மடுக்களில் பார்க்க ஆசை, உருளையே இல்லாத ஜப்பானியக் கோல் அது. 12 அடி தூரத்தை 16 அடியாக்கினால் முழங்காலிடாமலேயே சில மடுக்களைத் தொடலாம். புதர் அடர்ந்த மேல்பகுதியில் அது மாட்டிக்கொள்ளும், அங்கே ஆறரை அடிதான். இதையெல்லாம் செப்டம்பருக்குள் முடிக்கவேண்டும். அக்டோபர், நவம்பரில் ப்ரூக் ட்ரௌட்டுகள் மடுவின் வாலில் இருக்கும் அதே சரளைக்கல்லைக் குழி பறித்து முட்டையிடுகின்றன. சுத்தமாகத் துலக்கிவைத்ததுபோல வெளிறித் தெரியும் திட்டுகள் அவை. அந்த மாதங்களில் ஓடைக்குள் இறங்காமல், கரையிலிருந்து மகளும் நானும் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதாக இருக்கிறோம்.